கழுவெளிக்குக் கேமராவோடு வரும் நண்பர்களுக்கு: மாசி, பங்குனியில் பறவைகளைக் கிளப்பாதீர்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சனி, ஞாயிறு விடிகாலையில் கிளம்பி மரக்காணம் வந்து, ஒரு டீ குடித்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் கழுவெளி ஏரிக் கரையில் முக்காலியை நிறுத்தும் எல்லோருக்கும்தான் இந்த மடல். உங்களில் பாதிப் பேரை எனக்கு முகம் தெரியும். சிலரோடு பேசிச் சிரித்திருக்கிறேன், சிலருடைய படங்களைப் பார்த்துத்தான் சில பறவைகளை அடையாளம் காணவே கற்றுக்கொண்டேன். யாரையும் பெயர் சொல்லிக் குறைகூற இதை எழுதவில்லை. ஆனால் மாசிமகம் முடிந்து வந்த ஞாயிறு அங்கே பார்த்ததற்குப் பிறகு எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

அன்று காலை ஆறரை மணி இருக்கும். பனி முழுசாக விலகவில்லை. கரையிலிருந்து இருநூறு அடி தள்ளி, தண்ணீர் முடிந்து சேறு தொடங்கும் இடத்தில், கருவால் மூக்கன்கள் என்ற நீள அலகுக் கரைப்பறவைகள் கூட்டமாக இரை தேடிக்கொண்டிருந்தன. முந்நூறுக்குக் குறையாது. நான் வழக்கம்போல ஸ்கோப்பை (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி) வைத்து இடமிருந்து வலமாக எண்ணிக்கொண்டு வந்தேன், பாதி எண்ணும்போது ஒரு பறவையில் கண் நின்றுவிட்டது. கழுத்தும் மார்பும் செங்கல் நிறத்துக்கு மாற ஆரம்பித்திருந்தன, ஆனால் ஒரே சீராக இல்லை, பழைய சுவரில் புதுச் சுண்ணாம்பு அடிக்கும்போது பாதியில் நிறுத்தியதுபோல அங்கங்கே திட்டுத்திட்டாக. அலகு அடியில் இளஞ்சிவப்பு, நுனியில் கருப்பு. அந்த அலகைக் கண்வரைக்கும் சேற்றில் இறக்கி, மேலும் கீழும் நாலைந்து முறை குத்தி, ஒரு நொடி அப்படியே நின்றது. இந்தப் பறவைகளுக்கு அலகை முழுசாகத் திறக்காமல் நுனியை மட்டும் தனியாகத் திறக்க முடியும். சேற்றுக்குள்ளேயே புழுவைக் கவ்விவிடும். தலையைத் தூக்கியபோது நுனியில் ஒரு புழு நெளிந்தது. விழுங்கியது, இரண்டு அடி வைத்தது, மறுபடியும் இறக்கியது. நான் பார்த்த பத்து நிமிடத்தில் அது தலை நிமிர்ந்து சும்மா நின்றது என்று ஒரு முறைகூடச் சொல்ல முடியாது.

அப்போதுதான் ஒருவர் கரையை விட்டு இறங்கினார். முழங்கால் வரை சேற்றில் நேராக அந்தக் கூட்டத்தை நோக்கிப் போய், இரண்டு கையையும் ஓங்கித் தட்டினார். அசையவில்லை என்று இன்னொருவர் மண்ணாங்கட்டி எடுத்து வீசினார். கரையில் நாலைந்து பேர் லென்ஸைத் தூக்கிப் பிடித்துத் தயாராக நின்றார்கள். மொத்தக் கூட்டமும் ஒரே சமயத்தில் எழுந்தது. ஷட்டர் சத்தம் மட்டும் ஒரு அரை நிமிடம் கேட்டது. படம் அழகாக வந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளை வாலில் கருப்புப் பட்டையும், விரித்த இறக்கையில் நீளமாக ஓடும் வெள்ளைக் கோடும் காலை வெயிலில் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். கூட்டம் மூன்று சுற்று சுற்றிவிட்டுத் தெற்கே வெகுதூரம் தள்ளி, சேறு காய்ந்து வெடித்துப் போன பகுதியில் இறங்கியது. அங்கே அவை சாப்பிடவில்லை. நின்றன. இருபது நிமிடம் கழித்துச் சில பறவைகள் பழைய இடத்துக்குத் திரும்பிவர, மறுபடியும் கைதட்டல். ஒன்பது மணிக்குள் ஐந்து முறை இப்படி நடந்தது.

எருமை மேய்க்க வரும் பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா தம்பி இது, துன்ற எடத்துல போயி வெரட்டி உடறாங்க? ஊருக்குப் போற நேரம் வேற" என்றார். நான் இந்த மடலில் சொல்ல வருவது அவ்வளவுதான். மீதியெல்லாம் அவர் சொன்ன அந்த இரண்டாவது வரிக்கான விளக்கம்.

ஊருக்குப் போகிற நேரம். நாம் பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் வலசைப் பறவைகள் வருவதைத்தான் கொண்டாடுகிறோம். முதல் ஊசிவால் வாத்து வந்தாயிற்று, முதல் தகைவிலான் வந்தாயிற்று என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். திரும்பிப் போவதை அந்த அளவுக்குக் கவனிப்பதில்லை. ஆனால் பறவைக்கு ஆண்டிலேயே நெருக்கடியான நேரம் இந்த பிப்ரவரி கடைசியும் மார்ச்சும்தான். கருவால் மூக்கன் மத்திய ஆசியாவுக்கும் சைபீரியாவின் புல்வெளிகளுக்கும் போக வேண்டும். வளைமூக்கு உள்ளான், கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவைகள் அதையும் தாண்டி ஆர்க்டிக் துந்திரா, அதாவது வடகோடியின் மரமில்லாத குளிர்வெளி வரைக்கும். நம் பறவைகள் போவது மத்திய ஆசிய வலசைப் பாதையில், 30 நாடுகள் அதற்குள் வருகின்றன, குறுக்கே இமயமலைத் தொடரும் அதற்கு அந்தப் பக்கம் பாலைவனங்களும் கிடக்கின்றன. கொசு உள்ளானை ஒரு முறை நினைத்துப் பாருங்கள், 20, 30 கிராம் எடைதான்.

இந்தப் பயணத்துக்கான எரிபொருள் கொழுப்புதான், அது சேருவது இந்தச் சேற்றிலிருந்துதான். கரைப்பறவைகளில் சில, கிளம்புவதற்கு முன் வரும் சில வாரங்களில் தங்கள் எடையைக் கிட்டத்தட்ட இருமடங்காக்கிக் கொள்கின்றன. கருவால் மூக்கனின் நெருங்கிய உறவான பட்டைவால் மூக்கன் இன்னும் ஒரு படி மேலே போய், புறப்படும் நேரத்தில் தன் இரைப்பை, குடலையெல்லாம் சுருக்கிக்கொண்டு அந்த எடையையும் கொழுப்புக்கே விட்டுக்கொடுக்கிறது. 2022இல் பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவில் கிளம்பி டாஸ்மேனியாவில்தான் இறங்கியது, 13,560 கிலோமீட்டர், 11 நாள், நடுவில் எங்கும் இறங்காமல். செயற்கைக்கோள் கருவி பொருத்தியிருந்ததால் இது நமக்குத் தெரிந்தது. நம் கழுவெளியில் நிற்கும் பறவைகள் வழியில் இறங்கி ஓய்வெடுத்துத்தான் போகும். ஆனாலும் கணக்கு ஒன்றுதான்: ஒவ்வொரு தாவலுக்கும் வேண்டிய கொழுப்பு உடம்பில் இருக்க வேண்டும்.

இதே வாரங்களில் இன்னொரு செலவும் சேர்ந்துகொள்கிறது. அந்தச் செங்கல் நிறம் சும்மா வருவதில்லை. இனப்பெருக்க காலத்து இறகுகள் ஒவ்வொன்றாகப் புதிதாக முளைக்கின்றன, அதற்கும் இந்தப் புழுவும் நத்தையும்தான் மூலப்பொருள். மீசை ஆலாவைப் பாருங்கள், டிசம்பரில் வெளுத்துப்போய் இருந்தது இப்போது கருப்புத் தொப்பியும் சாம்பல் வயிறுமாக மாறிக்கொண்டிருக்கும். வளைமூக்கு உள்ளான் ஏப்ரலில் செக்கச் செவேல் என்று நிற்கும், குளிர்காலத்தில் பார்த்தவர்கள் வேறு பறவை என்று நினைப்பார்கள். நீங்கள் ஓடி ஓடிப் படமெடுக்க வருவதே இந்த நிறத்துக்காகத்தான். அந்த நிறத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் கை தட்டுகிறோம்.

பறப்பது பறவைக்குச் சுலபம், அது அதன் வேலைதானே என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். சுலபமில்லை. நின்று இரை தேடுவதைவிட எழுந்து பறப்பதற்குப் பல மடங்கு சக்தி போகிறது, அதுவும் தரையிலிருந்து திடீரென்று எழும்புவதற்கு. அதோடு இறங்கிய பிறகு பயம் அடங்கும்வரை தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் நேரம் வேறு. சேமித்ததும் போகிறது, சேமிக்க வேண்டிய நேரமும் போகிறது. ஒரு முறை என்றால் சமாளித்துவிடும். வார இறுதியில் ஐந்து குழு, குழுவுக்கு நாலு முறை என்றால்?

அப்புறம், வேறு இடமா இல்லை, கழுவெளி எவ்வளவு பெரியது என்றும் கேட்கிறீர்கள். பெரியதுதான். 2021 டிசம்பரில் சரணாலயமாக அறிவித்தபோதே 5,151 ஹெக்டேர். ஆனால் பறவைக்கு அத்தனையும் உதவாது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் தண்ணீர் ஜனவரிக்குப் பிறகு வற்றத் தொடங்குகிறது. வற்றும்போது ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் அலகு இறங்கும் அளவுக்கு இளகி இருக்கும். சில இடத்தில் அது பத்தடி அகலம்கூட இருக்காது. அதற்கு வெளியே சேறு காய்ந்து இறுகிவிட்டது, உள்ளே தண்ணீர் ஆழம். கருவால் மூக்கனுக்கு அலகு சுமார் 10 சென்டிமீட்டர், காலும் நீளம், அதனால் கொஞ்சம் உள்ளே தள்ளியும் நிற்கலாம். கொசு உள்ளானுக்கு அலகு 2 சென்டிமீட்டர்கூட இல்லை, அதற்கு அந்த ஈர விளிம்பை விட்டால் கதியில்லை. வாரா வாரம் இந்தப் பட்டை உள்நோக்கி நகரும், பறவைகளும் கூடவே நகரும். கிளப்பிவிட்ட பறவை காய்ந்த வெடிப்பில் போய் நின்றதே, அது இடம் பிடித்திருந்ததால் நிற்கவில்லை, போக வேறு இடம் இல்லாததால் நின்றது.

போன மாதம் நான் கவனித்த ஒன்றையும் சொல்கிறேன், இது எனக்கே புதுசு. அதே சேற்றுப் பட்டையை ஒட்டி இரண்டு அம்மாக்கள் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். இறால் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி மெல்ல நகர்ந்தார்கள். அவர்களிடமிருந்து நாற்பது, ஐம்பது அடியில் நெடுங்கால் உள்ளான்களும் பொறி உள்ளான்களும் தம் பாட்டுக்கு மேய்ந்தன. ஒன்றுகூட எழவில்லை. எருமைகள் நடுவில் நடந்தால் வழிவிட்டு ஒதுங்கின, அவ்வளவுதான். இந்தப் பறவைகளுக்கு மனிதர்களைக் கண்டாலே பயம் என்று நான் நினைத்திருந்தேன். தினமும் வருகிறவர்கள், குனிந்தே இருக்கிறவர்கள், அவசரப்படாதவர்கள், தங்களைப் பார்த்து நேராக வராதவர்கள் என்று அவை பிரித்துத் தெரிந்துவைத்திருக்கின்றன. நாம் போனால் எழுகின்றன என்றால் நாம் போகிற விதத்தில்தான் ஏதோ இருக்கிறது.

அதனால் உங்களைப் படமெடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. தயவுசெய்து எடுங்கள். கரையிலேயே இருந்து எடுங்கள். விடிவதற்கு முன்பே வந்து, கிழக்கு முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி ஒரு இடம் பார்த்து உட்கார்ந்துவிடுங்கள். நின்றால் வானத்தின் பின்னணியில் நம் உருவம் பெரிசாகத் தெரியும், உட்கார்ந்தால் ஒரு புதர் மாதிரி ஆகிவிடுகிறோம். அரை மணி, முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் மெல்ல மெல்ல அவையே இரை தேடிக்கொண்டு நம் பக்கம் நகர்ந்து வரும். போன ஆண்டு இப்படி உட்கார்ந்திருந்தபோது ஒரு பேதை உள்ளான் என் காலுக்கு இருபதடி தூரம் வரை வந்தது, கண்ணைச் சுற்றியிருக்கும் சின்ன இறகுகளைக்கூட என்னால் எண்ண முடிந்தது. ஒரு பறவை மேய்வதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி உங்களையே பார்க்கிறது என்றால் நெருங்கியது போதும் என்று அர்த்தம். அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள், முடிந்தால் நாலடி பின்வாங்குங்கள். அது மறுபடி தலையைக் கவிழ்த்துச் சாப்பிட ஆரம்பித்தால் சரி.

ஃப்ளைட் ஷாட், அதாவது பறக்கும் படம் வேண்டுமா, அதற்கும் நாம் கை தட்ட வேண்டியதில்லை. சேற்றுப் பூனைப்பருந்து ஒரு நாளைக்குப் பல முறை தாழப் பறந்து வரும், அப்போது வாத்து, உள்ளான் எல்லாம் தானாக எழும். அது அவற்றுக்குப் பழகிய ஆபத்து, தப்பிக்கத் தெரியும். அதற்கு மேல் நாமும் சேர்ந்து துரத்த வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். காத்திருந்தால் அந்தப் படமும் கிடைக்கும், கூடவே பருந்தும் ஒரே சட்டத்துக்குள் கிடைக்கும். சாயங்காலம் வரை இருந்து பார்க்கிறவர்களுக்கு இன்னொன்றும் கிடைக்கலாம். மார்ச் மாதத்தில் ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் ஒரு கூட்டம் வழக்கத்தைவிட அதிகமாகக் கத்திக்கொண்டு எழுந்தது, சுற்றி வந்து இறங்காமல் மேலே மேலே போய், வரிசை கட்டி, வடக்கே திரும்பியது. கண்ணுக்கு மறையும்வரை பார்த்தேன். மறுநாள் எண்ணியபோது கூட்டம் பாதியாகியிருந்தது. அந்தப் படத்தை நான் எடுக்கவில்லை, உங்களில் யாராவது எடுத்தால் சந்தோஷப்படுவேன்.

ட்ரோன் விஷயத்தில் பேச்சே வேண்டாம். சரணாலயத்தில் அனுமதி இல்லாமல் பறக்கவிடுவது தவறு, அது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தே பெட்டியில் கொண்டுவருகிறார்கள். மேலிருந்து வரும் எதுவும் பறவைக்குப் பருந்துதான். காய்ந்த ஏரிப் படுகையில் பைக், ஜீப் ஓட்டுவதும் அப்படித்தான். பங்குனி பிறந்தால் ஆள்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் அதே தரையில் முட்டையிட ஆரம்பிக்கும். கூடு என்று ஒன்றும் பெரிதாக இருக்காது, ஒரு சின்னப் பள்ளம், சில கல், சில ஓட்டுத் துண்டு, மண் நிறத்தில் நாலு முட்டை. நடந்து போகிறவர் கண்ணுக்கே தெரியாது, டயருக்கு எங்கே தெரியப்போகிறது? ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால் அது நம்மைத் திட்டுகிறது என்று புரிந்துகொண்டு வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஊர்ப் பையன்களுக்கு நூறு, இருநூறு கொடுத்துப் பறவையை விரட்டச் சொல்லும் பழக்கமும் இப்போது வந்திருக்கிறது. இது எனக்கு மிகவும் வலித்தது. அந்தப் பையன்களுக்கு எந்த மடுவில் எப்போது வாத்து இறங்கும், எந்தப் பக்கம் சேறு இன்னும் இளகி இருக்கிறது என்பதெல்லாம் நம்மைவிட நன்றாகத் தெரியும். அதே காசை, எங்கே உட்காரலாம் என்று இடம் காட்டச் சொல்லிக் கொடுக்கலாமே. போட்டி நடத்துகிறவர்களுக்கும் படங்களுக்குப் பரிசு கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கூட்டம் மொத்தமும் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்த்திசையில் பறக்கும் படம் வந்தால், அது எப்படி எடுக்கப்பட்டது என்று ஒரு கேள்வி கேளுங்கள். நீங்கள் கேட்க ஆரம்பித்தால் பாதிப் பேர் கட்டி எறிவதை நிறுத்திவிடுவார்கள்.

இறால் பண்ணைகளும் ஆக்கிரமிப்பும் வலையும் கழிவுநீரும் இருக்கும்போது எங்களைப் பிடித்துக்கொண்டாயே என்று உங்களுக்குத் தோன்றும். நியாயமான கேள்வி. ஆர்க்டிக்கில் குஞ்சு பொரிக்கும் கரைப்பறவைகள் இந்தியாவில் ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்துவிட்டன என்று 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை சொல்கிறது. அதற்குக் கேமரா காரணமில்லை. ஈரநிலங்கள் பறிபோனது, வேட்டை, அங்கே வடக்கில் மாறும் பருவநிலை, எல்லாம் சேர்ந்தது. 2024 அக்டோபரில் வளைமூக்கு உள்ளானை உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனம் என்று தரம் மாற்றினார்கள், நம் கரையில் நாம் சாதாரணமாக எண்ணிக் கடந்துபோகும் அதே பறவையைத்தான். அந்தப் பெரிய காரணங்களோடு சண்டை போட வருடங்கள் ஆகும், மனு, வழக்கு, அலைச்சல் எல்லாம் வேண்டும், அதைச் செய்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இதற்கு அப்படி எதுவும் தேவையில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமையே நிறுத்திவிடலாம். மிச்சமிருக்கும் பறவைகள் குறைவு என்பதால்தான் ஒவ்வொன்றும் தெம்போடு போய்ச் சேர வேண்டும் என்று கவலைப்படுகிறேன். வடக்கே கோடை கொஞ்ச நாள்தான், தாமதமாகப் போய்ச் சேரும் பறவைக்குப் பூச்சிகள் நிறைந்திருக்கும் அந்தச் சில வாரங்கள் கைநழுவிவிடும், இளைத்துப்போய்ச் சேரும் பறவை முட்டையிடாமலே போகலாம். மரக்காணத்தில் மார்ச்சில் தட்டிய கை ஜூனில் துந்திராவில் கணக்கில் வரும்.

இன்னொன்றும் உண்டு. 2024 ஆகஸ்டில் கழுவெளி, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து வருகிறவர்கள் கூட்டம் கூடியிருக்கிறது. வரட்டும், நல்லதுதான். நாலு பேர் வந்து பார்த்தால்தான் நாளைக்கு இந்த இடத்துக்கு ஒரு ஆபத்து என்றால் நாலு பேர் பேசுவார்கள். புதிதாக வருகிறவர்கள் உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள், பெரிய லென்ஸ் வைத்திருப்பவர் சேற்றில் இறங்கினால் அதுதான் முறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அன்றைக்குக் கைதட்டல் நடந்தபோது அப்பாவோடு வந்திருந்த எட்டு, ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒன்று தானும் குதித்துக் குதித்துக் கைதட்டியது. அவளிடம் போய் ஸ்கோப்பைத் தாழ்த்திக் கொடுத்தேன். தெற்கே காய்ந்த சேற்றில் நின்ற பறவைகளைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இதெல்லாம் ஏன் சாப்பிடாம நிக்குது?" என்றாள். காரணத்தைச் சொன்னேன். அப்புறம் அவள் தட்டவில்லை.

பங்குனி முடியும்வரை எல்லா ஞாயிறும் நான் மரக்காணம் பக்கத்துக் கரையில் காலை ஆறு மணிக்கு இருப்பேன். ஒரு ஸ்கோப் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எண்ணுவதற்கும் ஆள் வேண்டும், ஒருவர் எண்ண ஒருவர் எழுதினால் சீக்கிரம் முடியும். கருவால் மூக்கன்கள் இன்னும் ஒன்றிரண்டு வாரம் இருந்தால் அதிகம், நீலச்சிறகி வாத்துகளும் அதற்குள் கிளம்பிவிடும். கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் ஏப்ரல் வரை இருக்கும். தொப்பியும் தண்ணீரும் கொண்டுவாருங்கள், கரையில் நிழல் கிடையாது. உட்கார ஒரு பழைய சாக்கு இருந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
கரையில் எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவன்